வாவிக்கு மேற்கே விஞ்ஞானம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலிருந்து உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வரும் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், அதிபர் முதல் ஆட்டோக்காரர் வரை ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: அவர்களுக்கு அதில் ஆர்வமில்லை. கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் வறுமையைச் சேர்த்துக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் யுத்தத்தையும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் கணக்குச் சரிவரவில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலும் வறுமை இருக்கிறது. 2004 ஆழிப்பேரலை அடித்ததும் அந்தக் கரையைத்தான். இருந்தும் அங்கிருந்து ஆண்டுதோறும் மருத்துவபீடத்துக்கும் பொறியியல்பீடத்துக்கும் பிள்ளைகள் போகிறார்கள். சூரியன் படும் பக்கமான படுவான்கரையில், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி ஊர்களில், பிள்ளைகள் ஓ.எல். வரை வருகிறார்கள், அதற்குப் பிறகு பெரும்பாலும் கலைப்பிரிவுக்குள் போகிறார்கள், அல்லது படிப்பை விட்டுவிடுகிறார்கள். இதைத் தெரிவு என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதினாறு வயதில் அந்தப் பிள்ளை விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது ஏற்கெனவே முடிந்துபோன ஒரு காரியத்தின் பதிவு மட்டுமே. ஆறாம் தரத்துக்கும் ஒன்பதாம் தரத்துக்கும் இடையில், கணித பாடவேளையில் வகுப்பில் ஆசிரியர் நின்றாரா இல்லையா என்பதைப் பொறுத்து, பிள்ளையைக் கேட்காமலே அது முடிந்துவிடுகிறது. அந்த நான்கு வருடங்களைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை ஆய்வுகூடம் கட்டினாலும் கதவு திறக்காது.

இந்தக் கோணல் நேற்று வந்ததல்ல. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் தொடங்கிய பாடசாலை, 1820இல் எழுந்த வின்சன்ட் மகளிர் பாடசாலை, 1873இன் புனித மிக்கேல் கல்லூரி எல்லாமே நகரத்துக்குரியவை. பின்வந்த பாடசாலைகளில் பெரியவையும் கரையோரப் பெருந்தெருவைப் பிடித்தபடியே வடக்கும் தெற்கும் போயின. வாவிக்கு அப்பால் போனவர்கள் குறைவு. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் மத்திய கல்லூரித் திட்டம் இந்த ஒழுங்கை மாற்றவே வந்தது. கிராமத்துக்குள் ஆய்வுகூடத்தோடும் விடுதியோடும் ஒரு பாடசாலை என்பதே அதன் எண்ணம். வந்தாறுமூலைக்கு அப்படி ஒன்று கிடைத்தது. 1981 ஓகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அந்த மத்திய கல்லூரியின் வளாகத்திலேதான் குடியேறியது. முதலில் அமைந்த பீடங்கள் இரண்டு: விஞ்ஞானம், விவசாயம். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஆக, இந்த மாவட்டத்தின் உயர்கல்வியே விஞ்ஞானத்திலிருந்துதான் பிறந்தது, அதுவும் ஒரு கிராமத்தில். மேடைகளில் நாம் முத்தமிழ் வித்தகராக மட்டும் நிறுத்திவைத்திருக்கும் விபுலாநந்தரும் தொழிலால் இரசாயன ஆசிரியர். காரைதீவில் 1892இல் பிறந்தவர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விஞ்ஞானம் கற்பித்தவர், தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல் ஆக்கும் பணிக்குச் சென்னையில் தலைமை ஏற்றவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலும் பாதிக்குப் பாதி கணக்கு. ஆகவே விஞ்ஞானம் இந்த மண்ணுக்கு ஒட்டாத சரக்கு என்ற பேச்சுக்கு வரலாற்றில் இடமில்லை.

இலங்கையில் ஒரு பிள்ளை என்ன படிக்கலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது பாடசாலையின் வகை. 1ஏபி பாடசாலையில் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் மட்டும். வகை இரண்டு பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். வகை மூன்று ஆரம்பப் பிரிவுக்கு. நாடு முழுவதிலும் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகள் இருக்க, 1ஏபி பத்தில் ஒன்று அளவுதான். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் மட்டக்களப்பு மேற்கு முழுவதும் படுவான்கரையில் இருக்கிறது. பட்டிருப்பு வலயம் வாவியின் இரு கரையிலும் காலூன்றி நிற்கிறது. மேற்குக் கரையில் 1ஏபி பாடசாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தாந்தாமலைப் பக்கத்துப் பிள்ளைக்கு ஓ.எல். பெறுபேறு வந்ததும் முன்னால் நிற்பது பௌதிகவியலா வரலாறா என்ற கேள்வி அல்ல. எந்த பஸ், எத்தனை மணிக்கு, போனால் பொழுதுபடுமுன் திரும்ப முடியுமா என்பதே கேள்வி. பக்கத்து 1சி பாடசாலையில் கலைப்பிரிவு இருக்கிறது, நடந்தே போகலாம். வெல்லாவெளிப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் இருட்டினால் யானை வரும். மாலை வகுப்பு முடிந்து பெண்பிள்ளை தனியே வரட்டும் என்று எந்தத் தாய் சொல்வாள்? இந்த நிலையில் கலையை எடுத்த பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் ஆர்வமில்லை என்று எழுதிவைப்பது அநியாயம்.

ஆர்வம் பற்றி உலகில் கிடைத்திருக்கும் சான்றும் நம்மூர்ப் பேச்சுக்கு நேரெதிர். நோர்வேயிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்தப்பட்ட ரோஸ் ஆய்வு, ஏறத்தாழ நாற்பது நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் விஞ்ஞானம் பற்றிக் கேட்டது. விஞ்ஞானி ஆக வேண்டும் என்ற விருப்பம் வசதியான நாடுகளில் மிகத் தாழ்ந்திருந்தது. ஏழை நாடுகளில் உயர்ந்திருந்தது. நாட்டின் வளம் ஏற ஏற விருப்பம் இறங்கியது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2009இல் தொடங்கிய இன்னொரு நீண்ட ஆய்வு, பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விஞ்ஞான பாடத்தை விரும்புவதையும், ஆனால் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவிலேயே விஞ்ஞானியாகும் எண்ணம் கொண்டிருப்பதையும் கண்டது. பாடத்தை விரும்புவதும் அது தனக்கானது என்று நினைப்பதும் வேறு வேறு. இரண்டாவது நினைப்பு வருவதற்கு வீட்டில், தெருவில், உறவில் யாராவது அந்த வழியே போயிருக்க வேண்டும் என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. நகரத்துப் புளியந்தீவில் ஒரு பிள்ளைக்கு மாமா டாக்டர், பக்கத்து வீட்டு அக்கா எஞ்சினியர். படுவான்கரையின் பல ஊர்களில் விஞ்ஞானம் படித்த ஒரே ஆள், காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து மத்தியானம் போய்விடும் ஆசிரியர்தான்.

அந்த ஆசிரியரின் நாளைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. நாற்பது நிமிடப்படி எட்டுப் பாடவேளைகள். அவர் குடியிருப்பது நகரத்தில், அல்லது களுவாஞ்சிக்குடியில், அல்லது கல்முனையில். வலையிறவுப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ வாவியைக் கடந்து, பிறகு வயல் நடுவே போகும் தெருவில் இன்னும் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் தாழ்ந்த தெருக்கள் தண்ணீருக்குள் போய்விடும். அவர் பிந்தினால் போவது முதலாம் பாடவேளை. பல பாடசாலைகளில் பிள்ளைகள் களைக்குமுன் கணிதத்தை வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு நேரசூசி போடுகிறார்கள். அதனாலேயே மழை நாளில் போவது கணிதம். புதிதாக நியமனம் பெறும் ஆசிரியர் கஷ்டப் பிரதேசத்தில் சில வருடம் சேவை செய்ய வேண்டும் என்பது விதி. அந்த வருடங்கள் முடிந்ததும் இடமாற்றம் கேட்பது அவர் உரிமை. விதியில் தவறில்லை. அதன் விளைவு என்னவென்றால், படுவான்கரைப் பிள்ளைக்குக் கிடைப்பவர் எப்போதும் கற்பிக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஆசிரியர். பழகி முடிந்ததும் அவர் எழுவான்கரைக்குப் போய்விடுவார். அவர் போனதற்கும் அடுத்தவர் வருவதற்கும் இடையில் ஒரு தவணை வெறுமையாகக் கழிந்தால், அந்தத் தவணையில் ஏழாம் தரப் பிள்ளை இழப்பது பின்னங்களையும் அட்சரகணிதத்தின் தொடக்கத்தையும்.

வரலாற்றிலோ சமயத்திலோ ஒரு தவணை தவறினால் அடுத்த தவணையில் வேறு பாடம் படிக்கலாம். கணிதத்தில் அது நடக்காது. பின்னம் தெரியாத பிள்ளைக்குச் சமன்பாடு புரியாது, சமன்பாடு புரியாத பிள்ளைக்கு ஒன்பதாம் தர விஞ்ஞானத்தில் அடர்த்தியும் அமுக்கமும் மந்திரம் போலத்தான் கேட்கும். 1972இன் கல்விச் சீர்திருத்தம் ஆறு முதல் ஒன்பது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கணிதத்தையும் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தையும் கட்டாயமாக்கியது. கிராமத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானத்தைச் சட்டப்படி கொடுத்த மிகப் பெரிய மாற்றம் அதுதான். மத்திய கல்லூரிகளைவிடவும் பெரியது என்று நான் சொல்வேன். ஆனால் பாடத்திட்டத்தை அச்சிட்டு அனுப்பிய வேகத்தில் ஆசிரியரை அனுப்ப யாராலும் முடியவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த வாக்குறுதியின் பாதிதான் வாவியைக் கடந்திருக்கிறது. விஞ்ஞானம் கட்டாயப் பாடம், இலவசப் புத்தகம் கையில், வேறு பாடத்து ஆசிரியர் வகுப்பில்: அவர் புத்தகத்தை வாசிக்கச் சொல்வார், பிள்ளைகள் வாசிப்பார்கள். இப்படி வந்த பிள்ளை ஓ.எல். கணிதத்தில் சாதாரண சித்தி எடுப்பதே பெரிய சாதனை. அந்தப் பெறுபேற்றோடு அது விஞ்ஞானப் பிரிவைத் தெரிவுசெய்யவில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம்.

யுத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. சோதனைச்சாவடி, இடப்பெயர்வு, பிள்ளைபிடி, ஷெல் என்று ஒரு தலைமுறையே பாடசாலையை இடைநடுவில் விட்டது. இன்று பெற்றோராக இருப்பவர்கள் அந்தத் தலைமுறை. பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறந்து பார்க்க அவர்களுக்கு வராது என்பது அவர்கள் குற்றமல்ல. ஆனால் இன்று எட்டாம் தரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யுத்தம் முடிந்த பின் பிறந்தது. அந்தப் பிள்ளையின் ஏழாம் தரக் கணித ஆசிரியர் வராததற்கும் யுத்தத்தைக் காட்டுவது அதிகாரிகளுக்கு வசதியான பதில் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. பாலம் இல்லை என்ற பதிலும் முன்பு இருந்தது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை கொக்கட்டிச்சோலைக்குப் போகும் சனம் மண்முனைத் துறையில் ‘பாதை’யில், அதாவது மனிதரையும் வாகனத்தையும் சேர்த்து ஏற்றும் மிதவையில், முறை வரும்வரை வெயிலில் நின்றுதான் வாவியைக் கடந்தது. பாலம் வந்ததும் ஆசிரியர் நேரத்துக்கு வருவார் என்று எதிர்பார்த்தோம். நேரத்துக்கு வந்தார், உண்மை. நேரத்துக்குப் போகவும் செய்தார். முன்பு பயணத்துக்குப் பயந்து ஊரிலேயே அறை எடுத்துத் தங்கிய ஒருசிலரும் இப்போது தங்குவதில்லை. பாலம் கெடுதல் என்று சொல்லவில்லை. நோயாளியைச் சுமந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்க்கு அது உயிர். ஆனால் பாலத்தில் இரண்டு திசையிலும் போகலாம் என்பதைக் கல்வித் திட்டம் போடுபவர்கள் மறந்துவிட்டார்கள். மேற்கே ஆசிரியர் வருகிறார். கிழக்கே நல்ல பிள்ளை போகிறது.

நல்ல பிள்ளை போவதற்கு அரசாங்கமே ஏற்பாடு செய்திருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் கூடிய புள்ளி எடுத்த பிள்ளைக்கு நகரத்துப் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கும். ஏழைப் பிள்ளைக்கு வழி திறக்கும் நல்ல திட்டம் என்று இதை எல்லோரும் புகழ்கிறார்கள். போகும் அந்த ஒரு பிள்ளைக்கு அது நல்லதுதான். ஊரில் மிஞ்சும் வகுப்பைப் பாருங்கள்: கேள்வி கேட்கும் பிள்ளை போய்விட்டது, அதிபரிடம் வந்து சண்டை பிடிக்கக்கூடிய பெற்றோரும் அதோடு போய்விட்டார்கள். பத்து வயதில் நடக்கும் இந்தச் சலித்தெடுப்புக்குப் பிறகு மிச்சமானவர்களை வைத்துக்கொண்டு, ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் எடுபடாது என்று தீர்ப்பு எழுதுகிறோம். ‘அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை’ என்று சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டம் வந்தது. பெயர் நல்ல பெயர். கட்டடங்களும் வந்தன. அருகிலுள்ள பாடசாலை சிறந்ததாக வேண்டுமானால் அங்கே சிறந்த ஆசிரியர் ஐந்து வருடம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டட மதிப்பீட்டில் சேரவில்லை.

மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே, அதற்கு மேல் என்ன சலுகை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வலுவான கேள்வி. 1970களில் தரப்படுத்தலும் அதைத் தொடர்ந்து மாவட்டக் கோட்டாவும் வந்தபோது யாழ்ப்பாணத்து மாணவர் பெரிதும் பாதிக்கப்பட்டனர்; தமிழ் அரசியலில் அந்தக் காயத்தின் இடம் எல்லோருக்கும் தெரியும். அதே கோட்டா மட்டக்களப்பு, மன்னார், வன்னிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைக் கொஞ்சம் திறந்தது என்பதைத் தமிழ் அரங்குகளில் மெதுவாகத்தான் சொல்வோம். இன்று பெரும்பாலான விஞ்ஞானத்துறைக் கற்கைநெறிகளின் இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அந்தப் பதினாறில் ஒன்று. ஆனால் மாவட்டம் என்ற அளவுகோல் வாவியைப் பார்ப்பதில்லை. நகரத்தில் ஆங்கிலமும் ரியூசனும் தரும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் நவகிரிக் குளத்தடி விவசாயியின் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்காகப் போட்டி போடுகிறார்கள். கொழும்போடு ஒப்பிட்டு மட்டக்களப்புக்குக் கொடுத்த சலுகை, மட்டக்களப்புக்குள் வந்ததும் நகரத்தின் சலுகையாகிவிடுகிறது. அப்படியானால் கோட்டாவைக் கோட்ட மட்டத்துக்கு இறக்குவோமா? இறக்கலாம், ஆனால் பலன் இராது. ஓட ஆளே இல்லாத இடத்தில் கோட்டை முன்னுக்கு நகர்த்தி என்ன பயன்? வெல்லாவெளி அடங்கிய போரதீவுப்பற்றிலிருந்து பௌதிகவியல் எழுதும் பிள்ளைகளே சொற்பமாக இருக்கும்போது ஒதுக்கிய இடத்துக்கு யார் வருவார்? ஒதுக்கீடு கடைசிப் படியில் கொடுக்கும் கை. முதற் படியில் தவறியவரை அது எட்டாது.

மேலே இருந்து சரிசெய்யும் முயற்சிகளுக்கு நாட்டில் குறைவில்லை. ஆயிரம் பாடசாலைத் திட்டத்தில் மகிந்தோதய தொழில்நுட்ப ஆய்வுகூடங்கள் எழுந்தன. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானது. விஞ்ஞானத்துக்குப் போக முடியாத கிராமத்துப் பிள்ளைக்கு இதுவே மாற்றுவழி என்றார்கள். எண்ணம் நியாயமானது, ஆனால் அந்தப் பிரிவுக்கும் கணிதம் வேண்டும், அதற்கென்று பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும். ஆய்வுகூடம் பற்றிய நம் மயக்கம் தனியே சொல்ல வேண்டிய ஒன்று. உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றுக்கும் தனிச் செய்முறைப் பரீட்சை இன்று கிடையாது. செய்முறை பற்றிய கேள்விகள் அமைப்புக் கட்டுரையாக எழுத்துத்தாளிலேயே வருகின்றன. நியமிப்பின்போது அளவியின் வாசிப்பை எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதத் தெரிந்தால் புள்ளி வரும். அளவியைக் கையால் தொட்டிருக்கத் தேவையில்லை. கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடிக்க வைக்கும் ரியூசன் வாத்தியார்தான் இந்தப் பரீட்சைக்குப் பொருத்தமான ஆய்வுகூடம், அவர் வாவிக்குக் கிழக்கே இருக்கிறார். அதனால் மேற்கில் கட்டிய ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் அலுமாரி பூட்டப்பட்டுக் கிடந்தால் யாரும் கேட்பதில்லை. பெறுபேற்றில் அது தெரியாது.

இணையம் இந்த இடைவெளியை மூடிவிடும் என்ற நம்பிக்கையும் அடிபட்டது. 2020, 2021 கொரோனா மூடல்களில் நாடே கைத்தொலைபேசிக்குள் படித்தது. படுவான்கரையில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். டேட்டா போட்டாலும் சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டும். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலை திரும்பவும் தடைப்பட்டபோதும் அதே கதை. திறமையான பிள்ளைக்கு உயர்தரத்தில் இணையப் பாடம் உதவும், மறுக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னத்தில் எங்கே தடுக்குகிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஆள்தான் வேண்டும்.

எல்லாரும் ஏன் விஞ்ஞானம் படிக்க வேண்டும், கலைப்பிரிவு என்ன குறைந்ததா என்ற கேள்வியும் எழும். குறைந்ததல்ல. இந்த வட்டாரத்தின் கூத்தையும் குடிமரபையும் கண்ணகி வழிபாட்டையும் எழுதிவைத்தவர்கள் கலைப்பீடத்து ஆட்கள். அவர்கள் இல்லாவிட்டால் மட்டக்களப்பைப் பற்றி நமக்கே தெரிந்திராது. விரும்பிக் கலைக்குப் போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. வேறு வாசல் பூட்டியிருந்ததால் அங்கே போன பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததைக் கண்டவர்களுக்கு, பட்டம் எதுவானாலும் போதும் என்ற எண்ணம் எங்கே கொண்டுவிடும் என்று தெரியும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாவி முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் இழுபறி. வயலில் வெள்ளம் ஏறுகிறது, வெட்டு என்கிறார் ஒருவர்; அவசரப்பட்டு வெட்டினால் உப்பு மாறி இறால் பாடு கெடும் என்கிறார் மற்றவர். இறால் பண்ணையின் கழிவு, வயலுக்கு அடிக்கும் மருந்து, மணல் அகழ்வு, யானை வேலி எல்லாமே மேற்குக் கரையின் அன்றாட வழக்குகள். எல்லாமே விஞ்ஞானக் கேள்விகள். அவற்றுக்கு அறிக்கை எழுத வெளியிலிருந்து நிபுணர் வருகிறார், அறிக்கை அவரோடு போய்விடுகிறது. எல்லாப் பிள்ளையும் டாக்டராக வேண்டும் என்பதல்ல இதன் பொருள். அந்த அறிக்கையைப் படித்து, இதில் இந்த எண் பிழை என்று கூட்டத்தில் எழுந்து சொல்லக்கூடிய நாலு பேர் ஊரில் வேண்டும்.

நடுத்தரங்களில் கைவைத்தால் மாறும் என்பதற்கு நம் பக்கத்து நாட்டிலேயே சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய மையம் என்ற இரண்டு அமைப்புகள் பதினாறு அரசப் பாடசாலைகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை விஞ்ஞானத்தைச் செய்து படிக்கும் பாடமாக மாற்றின. டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது; 1982இல் அதை நடத்த ஏகலவ்யா உருவானது; பின்னாளில் பாடசாலைகள் ஆயிரம் அளவுக்கு வந்தன. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், செய்முறையும் செய்துகாட்ட வேண்டும். உபகரணம் மலிவு. எட்டாம் வகுப்பில் அமிலமும் காரமும் படிப்பிக்கப் பாசிச்சாயத்தாள் கொழும்பிலிருந்து வர வேண்டியதில்லை என்பதை நம் ஆசிரியர்களும் அறிவார்கள். வேலியோரச் செவ்வரத்தம்பூவைச் சுடுநீரில் கசக்கி ஊதாச் சாறெடுத்து, ஒரு கோப்பையில் தேசிக்காய்ப் புளி விட்டால் சிவக்கும். இன்னொன்றில் சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். ஜூஸ் குடிக்கும் குழாயின் அடியைக் களிமண்ணால் அடைத்து வாவித் தண்ணீரில் மிதக்கவிட்டால், முகத்துவாரத்துக்குக் கிட்டிய உப்புநீரில் உயர்ந்து நிற்கும். ஆற்றுநீர் கலக்கும் பக்கத்தில் தாழும். அடர்த்தி என்ற சொல்லைப் பலகையில் பத்துத் தரம் எழுதுவதைவிட இது மேல். தகப்பன் வலைவீசப் போகும் பிள்ளை, இறால் எங்கே கூடுகிறது என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்கும். அங்கே ஆசிரியர் பேசாமல் இருந்தாலே போதும்.

இதெல்லாம் விளையாட்டு, பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி வருமா என்று கேட்பார்கள். ஹோஷங்காபாத்தும் கடைசியில் பரீட்சைப் பெறுபேறு பற்றிய குற்றச்சாட்டோடும் அரசியலோடும் மோதியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது வருடம் ஓடிய திட்டம் ஓர் உத்தரவில் நின்றதிலிருந்து கற்க வேண்டியது உண்டு: பரீட்சையோடு பொருந்தாத கல்விமுறை பெற்றோரின் ஆதரவை இழக்கும், ஆதரவில்லாததை அரசாங்கம் நிறுத்தும். ஆகவே படுவான்கரைக்கு நான் சிபாரிசு செய்வது பரீட்சையை எதிர்க்கும் திட்டமல்ல. செவ்வரத்தம்பூ கணிதத்துக்குப் பதிலாக வர முடியாது; பூ ஆசையைத் தூண்டும், பின்னம்தான் ஓ.எல். தாண்டவைக்கும். இரண்டும் ஒரே ஆசிரியரின் கையில், ஒரே நான்கு வருடத்துக்குள் நடக்க வேண்டும்.

ஆசிரியர் எங்கே என்பதுதான் மிச்சம். இந்த மாவட்டத்திலேயே விஞ்ஞானபீடத்தோடு ஒரு பல்கலைக்கழகமும், தாழங்குடாவில் ஒரு தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன. ஆள் இல்லாததல்ல குறை. வலயத்தைக் கூட்டிப் பார்த்தால் ஆசிரியர் எண்ணிக்கை போதும் போலத் தெரியும். பட்டிருப்பு போல இரு கரைக்கும் பொதுவான வலயத்தில் களுவாஞ்சிக்குடியின் மிகுதி வெல்லாவெளியின் குறைவை மறைத்துவிடும். வெற்றிடத்தை வலயப்படி எண்ணாமல் கோட்டப்படியும் கரைப்படியும் எண்ணினால் அந்த மறைப்பு நீங்கும். ஆறு முதல் ஒன்பது வரையான கணித, விஞ்ஞான வெற்றிடங்களை உயர்தர வெற்றிடங்களுக்கு முன் நிரப்ப வேண்டும். ஊருக்கு ஊர் விஞ்ஞானப் பிரிவு திறந்து ஒரு இரசாயன ஆசிரியரை நாலாகப் பிய்ப்பதைவிட, கோட்டத்துக்கு ஒரு 1ஏபி பாடசாலையை விடுதியோடு பலப்படுத்துவது மேல். விடுதிக்குப் போகும் பிள்ளை தன் ஊரை இழக்கிறது என்று அதை எதிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் கல்லடி உப்போடையில் விபுலாநந்தர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயம் மாணவர் இல்லத்தோடுதான் வளர்ந்தது, அதில் தங்கிப் படித்த கிராமத்துப் பிள்ளைகள் ஊரை மறந்துவிடவில்லை. ஆசிரியர் விடுதியைத் திருத்தி, தங்கும் ஆசிரியருக்குக் கஷ்டப் பிரதேசப் படியைக் கூட்டி, அந்த ஊரிலேயே பிறந்த விஞ்ஞானப் பட்டதாரிக்கு அந்த ஊரில் முதல் நியமனம் கொடுப்பதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த மற்றவை 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்தின் பொறுப்பு; இடமாற்றக் கடிதம் திருகோணமலையில் எழுதப்படுகிறது. 2017இல் ஆயுள் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் நிர்வாகத்தில் வருடங்கள் கழிகின்றன. கச்சக்கொடி சுவாமிமலையில் இருக்கும் ஒரு தாய், தன் மகளின் ஏழாம் தரக் கணித ஆசிரியர் எங்கே என்று கேட்பதற்கு வாக்குப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவர்கூட மாகாண சபைக் கட்டடத்தில் இப்போது இல்லை.